சிசிலித் திராட்சை: சீனி ஏறியும் வைன் சப்பென்று போவது ஏன்?

கேள்வி:

ஐயா, வணக்கம். ஊரில் அப்பா முந்திரிகைப் (திராட்சைப்) பந்தல் வைத்திருந்தவர். சின்ன வயதிலிருந்தே அந்த வேலை எனக்குப் பழக்கம். பலெர்மோவுக்கு வந்து பல வருடம் தோட்டக் கூலியாக இருந்துவிட்டு, போன வருடம் மலைப்பக்கமாக அரை ஹெக்டேயரில், நீரோ தாவோலா என்ற கருப்புத் திராட்சை வகையின் பழைய தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தேன். பந்தலும் இல்லை, கம்பியும் இல்லை, எல்லாம் குட்டைச் செடிகள். ஊரில் செய்தது போலவே பொற்றாசியப் பசளை போட்டேன். காய் நிறம் மாறியதும் குலையைச் சுற்றியிருந்த இலைகளைக் கழற்றிவிட்டேன். நன்றாக இனிக்கட்டும் என்று செப்டெம்பர் நடுப்பகுதி வரை விட்டு வெட்டினேன். சாற்றின் சீனியை அளக்கும் பாபோ மானி 23 காட்டியது. வைனில் வெறி கூட, ஆனால் சப்பென்று இருந்தது. நிறமும் மங்கல். ஆய்வுகூடத்தில் பிஎச் 3.9 என்றார்கள். மாசி மாதம் குதிரை லாயம் போல மணக்கத் தொடங்கிவிட்டது. அடி இலைகளும் நரம்புகளுக்கு இடையே மஞ்சளாகின. இந்த வருடம் எதை மாற்ற வேண்டும்? செத்த செடிகளின் இடத்தில், ஊரில் போலத் தடி வெட்டி நட்டு முளைக்க வைக்கலாமா?

பதில்:

தம்பி, நீங்கள் செய்த மூன்றும் சாப்பிடுகிற பழத்துக்குச் சரியான வேலைகள். பந்தலுக்குக் கீழே வெளிச்சம் வேண்டும், பழம் இனிக்க வேண்டும், தோல் பளபளக்க வேண்டும். அப்பா செய்ததில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வைனுக்குப் போகிற பழத்திடம் நாம் கேட்பது வேறு. சிசிலி வெயிலில் அந்த மூன்று வேலையும் ஒரே பக்கம் சேர்ந்து இழுத்துவிட்டன.

குலை நிறம் மாறத் தொடங்கிய நாளிலிருந்து பழத்தில் சீனி ஏறும், புளிப்பு இறங்கும். திராட்சையின் புளிப்பு பெரும்பாலும் மாலிக், தார்த்தாரிக் என்ற இரண்டு அமிலங்களால் வருவது. மாலிக் அமிலத்தைப் பழம் தன் சுவாசத்துக்கே எரித்துத் தீர்க்கும்; சூடு ஏற ஏற அது வேகமாகத் தீரும். தார்த்தாரிக் அமிலம் சூட்டைத் தாங்கும். அதன் எதிரி பொற்றாசியம். பழத்துக்குள் பொற்றாசியம் அதிகமாகப் போனால் தார்த்தாரிக்கோடு சேர்ந்து உப்பாகிப் படிந்துவிடும். வைன் தொட்டியின் உள்சுவரில் பளிங்கு போல ஒட்டியிருக்கும் படிவை நீங்களே சுரண்டிக் கழுவியிருப்பீர்கள். அது அந்த உப்புத்தான். ஆகவே உங்கள் தோட்டத்தில் வெயில் மாலிக்கைத் தின்றது, பசளை தார்த்தாரிக்கைப் பிடித்துக்கொண்டது. புளிப்புக் குறையக் குறைய பிஎச் எண் ஏறும்; 3.9 வந்தது இப்படித்தான்.

லாயத்து மணத்துக்கும் வேர் இதுவே. வைன் கெடாமல் இருக்கச் சல்பைட்டுப் போடுகிறோம் அல்லவா? போட்டதில் ஒரு சிறு பங்குதான் கிருமியைக் கொல்லும் வடிவில் இருக்கும். பிஎச் 3.4 ஆக இருந்தால் அந்தப் பங்கு ஏறத்தாழ 2.5 வீதம். 3.9 ஆனால் 0.8 வீதம். அதாவது ஒரே அளவு போட்டாலும் காவல் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. அந்த இடைவெளியில் பிரெட்டனோமைசெஸ் என்ற மதுவம் பெருகிக் குதிரை லாய மணத்தை உண்டாக்கும். தொட்டியை எவ்வளவு கழுவினாலும் பிஎச் உயர்ந்த வைனில் அது திரும்பத் தலைகாட்டும். ஆகவே திருத்தத்தைத் தோட்டத்திலேயே தொடங்க வேண்டும்.

நிறம் மங்கியதற்கு இலை கழற்றியதே முக்கிய காரணம் என்று நினைக்கிறேன். பழத்தின் சூடு 35 பாகை செல்சியசைத் தாண்டினால் தோலில் நிறப்பொருள் உருவாவது தடைப்படும், இருந்ததும் சிதையும். நேர் வெயில் படும் பழம் சுற்றியிருக்கும் காற்றைவிட 10 பாகைக்கு மேலும் சூடாகக்கூடியது. ஓகஸ்டில் உங்கள் பக்கத்துக் காற்றே 35க்கு மேல் போகும். 2021 ஓகஸ்ட் 11ஆம் திகதி சிரக்கூசாவுக்கு அருகில் பதிவான 48.8 பாகைதான் ஐரோப்பாக் கண்டத்தின் உச்ச வெப்பம். அப்படிப்பட்ட தீவில் ஜூலை கடைசியில் குலையை அம்மணமாக விடக்கூடாது. அதுவரை நிழலில் வளர்ந்த தோலுக்கு வெயில் பழகியிருக்காது.

இலை கழற்றச் சொல்லும் ஆலோசனைகளில் அநேகமானவை வடக்கிலிருந்து வருபவை. வட இத்தாலியில் பியமொந்தேயின் லாங்கே மலைகளில் நெபியோலோ என்ற திராட்சை ஒக்டோபரில், காலைப் பனிமூட்டத்துக்குள் முற்றும். அதிலிருந்து செய்யும் பரோலோ வைனின் விதிமுறை நேர் வடக்குப் பார்த்த சரிவை ஏற்பதே இல்லை. அங்கே வெயிலைத் தேட வேண்டியிருக்கிறது. சிசிலியிலேயே எத்னா எரிமலைச் சரிவில்கூட, 1000 மீற்றர் உயரம் வரை ஏறும் நெரெல்லோ மஸ்கலேசே என்ற திராட்சைக்கு நிதானமாக முற்ற நேரம் கிடைக்கும். உங்கள் தோட்டம் அந்த உயரத்தில் இல்லை.

உங்களிடம் இருக்கும் அந்தக் குட்டைச் செடி, ஆல்பெரெல்லோ, வறட்சிக்கும் காற்றுக்கும் வெயிலுக்கும் என்றே தலைமுறை தலைமுறையாக உருவான வடிவம். இலைகள் நாலாபுறமும் கவிந்து குலைக்குத் தாங்களே நிழல் தரும், செடிக்குத் தண்ணீரும் குறைவாகப் போதும். பந்தெல்லேரியாத் தீவில் செடியை இப்படி வளர்க்கும் முறையை 2014இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. பழைய ஆல்பெரெல்லோத் தோட்டத்தைப் பலர் பிடுங்கிவிட்டுக் கம்பிக்கு மாறிவிட்டார்கள். இயந்திரம் ஓடாது, குனிந்து வேலை செய்ய வேண்டும் என்பதால்தான். உங்களுக்கு ஒன்று கிடைத்திருக்கிறது. கை வேலைக்கு அஞ்சாதவர் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. தயவுசெய்து அதைக் காப்பாற்றுங்கள்.

இந்த வருடம் இலையில் கை வைப்பதென்றால் காய் பிடித்தவுடனேயே வையுங்கள். செடியின் நடுவில் நெருங்கிக் கிடக்கும் தளிர்களையும், காலை வெயில் படும் கிழக்குப் பக்கத்தில் ஒன்றிரண்டு இலைகளையும் மட்டும் எடுங்கள். காற்று நுழைந்தால் சாம்பல் நோயும் குறையும். பின்னேர வெயில் அடிக்கும் மேற்குப் பக்கத்தைத் தொடவே வேண்டாம். சாம்பல் நோய்க்குக் கந்தகத் தூள் தூவுவதை வெக்கை நாட்களில் நிறுத்துங்கள், இல்லையென்றால் இலை கருகும். கடும் வெக்கை வருமென்று தெரிந்தால், காய் நிறம் மாற முன்னரே 100 லீற்றர் தண்ணீருக்கு 3 கிலோ கயோலின் என்ற வெண்களிமண் தூள் கலந்து தெளிக்கலாம். அந்த வெள்ளைப் படலம் வெயிலைத் திருப்பி அனுப்பும்.

பொற்றாசியத்தை உடனே நிறுத்துங்கள். அடி இலைகளில் நரம்பு பச்சையாக நிற்க இடைப்பகுதி மஞ்சளானது பெரும்பாலும் மக்னீசியக் குறைபாடு. மண்ணில் மக்னீசியம் இல்லாமல் வந்ததாக இருக்க வேண்டியதில்லை; பொற்றாசியம் மிஞ்சினால் வேர் மக்னீசியத்தை எடுக்க விடாது. நிறம் மாறும் பருவத்தில் இலைக்காம்பைச் சோதனைக்கு அனுப்புங்கள். அந்த முடிவு கையில் வரும்வரை எந்தப் பசளையும் வேண்டாம். மஞ்சள் திரும்ப வந்தால் மக்னீசியம் சல்பேற்றை இலையில் தெளித்தால் போதும்.

இனி, வெட்டும் நாள். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். நாக்கில் இனிப்பு வரும்வரை காத்திருக்காதீர்கள். பாபோ மானி 23 என்றால் சாற்றின் எடையில் 23 வீதம் சீனி. அது நொதித்தால் மதுசாரம் 15 வீதத்தைத் தாண்டும். 20க்கு அருகில் வெட்டினால் 13 வீதத்தை ஒட்டி நிற்கும், பழத்தில் புளிப்பும் மிஞ்சும். ஓகஸ்ட் 20ஆம் திகதியிலிருந்து நாலு நாளைக்கு ஒருமுறை மாதிரி எடுங்கள். 200 பழம், குலைக்கு ஒன்று. மேல், கீழ், வெயில் பக்கம், நிழல் பக்கம் என்று கலந்து பறிக்க வேண்டும். ஓரச் செடிகளைத் தவிருங்கள். கண்ணுக்கு நல்லதாகத் தெரிகிற பழத்தையே கை தேடும், அதைக் கட்டுப்படுத்துங்கள். சாற்றைப் பிழிந்து பாபோவும் பிஎச்சும் பாருங்கள். விதையைக் கடித்துப் பாருங்கள்: கபில நிறமாகி மொறுமொறுவென்று உடைந்தால் முற்றிவிட்டது, பச்சையாகக் கசந்தால் இன்னும் இல்லை. பிஎச் 3.4க்கும் 3.5க்கும் இடையில் இருந்து விதையும் கபிலமானால் மறுநாள் விடியவே வெட்டுங்கள். விதை பச்சையாக இருக்க பிஎச் 3.6ஐத் தொட்டுவிட்டால்? நான் என்றால் அப்போதும் வெட்டுவேன். கொஞ்சம் கரடான தோலையும் விதையையும் சாற்றோடு குறைந்த நாள் ஊறவைத்துச் சமாளிக்கலாம். போன புளிப்பைப் பழத்துக்குள் திரும்பக் கொண்டுவர முடியாது.

அரை ஹெக்டேயர்தானே, இரண்டு தடவையாக வெட்டுங்கள். தெற்கும் மேற்கும் பார்த்த செடிகள் முதலில், மற்றவை ஒரு கிழமை கழித்து. விடிய முன் தொடங்கி, வெயில் ஏற முன் பழம் நிழலுக்குப் போய்விட வேண்டும். கொந்தெஸ்ஸா எந்தெல்லினாவில் தொன்னாபுகாத்தா நிறுவனம் 1998இலிருந்து தன் ஷார்தொன்னே என்ற வெள்ளைத் திராட்சையை இரவில் விளக்கு வெளிச்சத்தில் வெட்டுவதும் இதே சூட்டுக்குப் பயந்துதான். பிஎச் கூடினால் சாற்றில் தார்த்தாரிக் அமிலம் சேர்க்கச் சட்டத்தில் இடமுண்டு. அளவை எனோலோகோ (வைன் நிபுணர்) ஒருவரிடம் கேட்டுப் போடுங்கள். சீனி சேர்ப்பது இத்தாலியில் தடை, உங்களுக்கு அது தேவையும் இல்லை.

மாரியில் செய்ய ஒரு வேலை. ஜனவரியில் கிளைகளை நீளமாக விட்டு மேலோட்டமாக வெட்டுங்கள். மார்ச் கடைசியில் நுனி மொட்டுகள் விரிந்து இரண்டு மூன்று இலை தெரியும்போது, இரண்டு கண் மட்டும் விட்டு இறுதி வெட்டு. நுனி விழித்திருக்கும்வரை அடிக்கண் உறங்கும். அதனால் துளிர்ப்பும் முற்றுவதும் பிந்தி, பழத்தின் கடைசி நாட்கள் கடும் வெக்கையிலிருந்து கொஞ்சம் தள்ளிப்போகும். இதைவிடவும் பிந்தினால் விளைச்சல் குறையும். முதல் வருடம் பாதித் தோட்டத்தில் மட்டும் செய்து பாருங்கள்.

இனித் தடி நடுவது. வேண்டாம். பிலொக்ஸெரா என்ற வேர்ப்பேன் 1879இல் இத்தாலிக்குள் வந்தது, அடுத்த வருடமே சிசிலியின் ரியேசியில் கண்டுபிடிக்கப்பட்டது. அது இன்றும் மண்ணில் இருக்கிறது. நீரோ தாவோலாத் தடியைச் சொந்த வேரில் விட்டால் சில வருடம் நன்றாக வளர்ந்துவிட்டு, காய்க்கிற வயதில் சோர்ந்து சாகும். அமெரிக்க வேர்ச்செடியில் ஒட்டியதுதான் நிலைக்கும். வறட்சியும் சுண்ணாம்பும் சேர்ந்த மண்ணுக்கு உலகம் முழுக்கத் தேடப்படும் இரண்டு வேர்ச்செடிகள், 1103 பவுல்சனும் 140 ருஜ்ஜேரியும், சிசிலியிலேயே உருவானவை. உங்கள் நிலம் வெள்ளை மண்ணாக இருந்தால், இலை வெளிறாமல் சுண்ணாம்பைத் தாங்க 140 ருஜ்ஜேரி நல்லது. களிமண் கலந்த இடத்துக்கு 1103. ஆனால் 140 ருஜ்ஜேரி செடியை மிக வீரியமாக வளர்க்கும். ஆழமான, ஈரமான பள்ளத்தில் அதை வைக்காதீர்கள்.

நாற்றுமேடையில் ஒட்டிய செடியை, அவர்கள் சொல்லும் பார்பத்தெல்லாவை, நீலச் சிட்டை கட்டியதாகப் பார்த்து வாங்குங்கள். அது சான்றளிக்கப்பட்டது என்பதற்கான அடையாளம். நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும், புதைந்தால் மேல்தண்டு தானே வேர்விடத் தொடங்கிவிடும். பழைய செடிகளின் நடுவே வளர்வதால் முதல் இரண்டு கோடைக்கும் கையால் தண்ணீர் ஊற்றத்தான் வேண்டும். செத்த செடிக்குப் பதில் செடி வைப்பது வேறு, புதிதாகத் தோட்டம் நடுவது வேறு. பின்னதற்கு ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி அனுமதி எடுக்க வேண்டும். நீங்கள் குத்தகைக்காரர் என்பதால், எத்தனை செடி மாற்றுகிறீர்கள், செலவு யாருடையது என்று நில உரிமையாளரிடம் இப்போதே எழுத்தில் வாங்கிவிட்டு நாற்றுக்குச் சொல்லி வையுங்கள். நல்ல மேடைகளில் 140 ருஜ்ஜேரி ஒட்டுக்கு முன்கூட்டியே சொல்லாவிட்டால் மாரியில் கிடைக்காமல் போகலாம்.