கோடு விழுந்தால் டிரம் போய்விட்டது என்று அர்த்தமா, அண்ணாச்சி?

கேள்வி: அண்ணாச்சி, எங்கள் பள்ளிக்கூட ஆபீஸில் பெரிய ஜெராக்ஸ் மிஷின் ஒன்று இருக்கிறது. கேள்வித்தாளை மேலே, தாளைத் தானே உள்ளே இழுத்துக்கொள்கிற ஃபீடரில் வைத்து எடுத்தால் தாள் நீளத்துக்கும் ஒரு கறுப்புக் கோடு விழுகிறது. பார்க்க வந்தவர் டிரம் போய்விட்டது, மாற்றணும் என்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?
- வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: பொறுங்க தங்கச்சி, இப்போதைக்குக் காசை எடுக்காதீங்க. அதே கேள்வித்தாளை மூடியைத் திறந்து பெரிய கண்ணாடி மேல் வைத்து ஒரு காப்பி எடுங்க, அப்புறம் கம்ப்யூட்டரில் இருந்து ஒரு பக்கம் பிரிண்ட் கொடுங்க. இரண்டிலும் கோடு இல்லை, ஃபீடரில் எடுத்தால் மட்டும்தான் விழுகிறது என்றால் டிரம் மேல் பழி போட வழியே இல்லை. டிரம் என்பது தாளில் எழுத்தைப் பதிக்கிற உருளை, மூன்று தாளும் அதே டிரம்மில் உருண்டுதானே வெளியே வருகிறது?

கோளாறு வேறு இடத்தில் இருக்கும். பெரிய கண்ணாடிக்குப் பக்கத்தில், பெரும்பாலும் இடது ஓரமாக, ஒடுக்கமான கண்ணாடிப் பட்டை ஒன்று இருக்கும் பாருங்க. பெரிய கண்ணாடியில் வைத்து எடுக்கும்போது தாள் சும்மா கிடக்கும், அடியில் விளக்கு நகரும். ஃபீடரில் அப்படியே தலைகீழ்: விளக்கு அந்தப் பட்டைக்கு அடியில் ஒரே இடத்தில் நிற்க, தாள்தான் மேலே ஓடும். அதனால் பட்டையில் கடுகில் பாதி அளவு அழுக்கு ஒட்டியிருந்தாலும், தாள் ஓடி முடிகிற வரைக்கும் மிஷின் அந்த அழுக்கையும் சேர்த்தே பார்த்துக்கொண்டிருக்கும், புள்ளி கோடாக இழுபட்டுவிடும்.

பாளையங்கோட்டையில் நான் வேலை பார்த்த ஆபீஸில் இதே கோட்டுக்காக டிரம்மை மாற்றினோம். புது டிரம் போட்ட பிறகும் கோடு அதே இடத்தில் நின்றது. கடைசியில் பார்த்தால், யாரோ ஈரம் காயாத ஒயிட்னரோடு ஃபீடரில் விட்ட தாளில் இருந்து ஒரு பொட்டு அந்தப் பட்டையில் ஒட்டிக் காய்ந்திருந்தது. அந்தச் செலவை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை, அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

மிஷினை அணைத்துவிட்டுப் பட்டையை விரல் நுனியால் மெதுவாகத் தடவிப் பாருங்க, கண்ணுக்குத் தப்பினது விரலில் தட்டும். நூல் உதிராத துணியில் கண்ணாடி துடைக்கிற திரவத்தைக் கொஞ்சமாகத் தொட்டுத் துடைத்தால் போதும். கண்ணாடி மேல் நேராகத் தெளித்தால் இடுக்கு வழியாக உள்ளே இறங்கிவிடும். பிளேடு மட்டும் வேண்டவே வேண்டாம், கீறல் விழுந்தால் அது நிரந்தரக் கோடு.

கேள்வி: சாரல் ஆரம்பித்ததில் இருந்து எழுத்து திட்டுத் திட்டாக வெளுத்து வருகிறது. டோனர் புதுசு.
- வாசகர், செங்கோட்டை

பதில்: தாளைத் தொட்டுப் பாருங்க தம்பி, நமத்துப் போயிருக்கும். டோனர் தூளைத் தாளுக்கு இழுப்பது மின்சாரம்தான். ஈரத் தாளில் அது கசிந்துவிடும், தூள் சரியாகப் பிடிக்காது. குற்றாலத்தில் சீசன் நடக்கிற ஜூன், ஜூலையில் உங்கள் பக்கம் காற்றே ஈரம், அதில் உறை பிரித்த தாள் கட்டை ஜன்னலோரம் வைத்தால் என்ன ஆகும்? உறை பிரிக்காத புதுத் தாள் கட்டிலிருந்து பத்துத் தாள் எடுத்துப் போட்டுப் பாருங்க, தெளிந்துவிட்டால் ரிப்பேர் எதுவும் தேவையில்லை. சாயங்காலம் தட்டில் மிச்சம் இருக்கிற தாளை எடுத்து உறையில் சுற்றி பீரோவில் வைத்துவிடுங்க. சில மிஷின்களில் தாள் தட்டுக்கு அடியில் சின்ன ஹீட்டர் உண்டு. வீட்டுக்குக் கிளம்பும்போது சுவரில் சுவிட்சை அணைத்துவிட்டால் அதுவும் வேலை செய்யாது.

கேள்வி: ஒரே மாதிரி கறுப்புப் புள்ளி, ஒரு பக்கத்தில் மூன்று இடத்தில் வருகிறது. இதுவும் கண்ணாடி அழுக்குதானா?
- வாசகர், வண்ணார்பேட்டை

பதில்: இல்லை, இங்கே டிரம்மைச் சந்தேகப்படலாம். ஒரு புள்ளிக்கும் அடுத்ததுக்கும் நடுவே ஸ்கேல் வைத்து அளங்க. உருளை ஒரு சுற்று சுற்றினால் அதில் இருக்கிற காயம் ஒரு தடவை பதியும். 30 மில்லிமீட்டர் குறுக்களவு டிரம் என்றால் சுற்றளவு சுமார் 94 மில்லிமீட்டர், அதனால் 297 மில்லிமீட்டர் நீளமுள்ள ஏ4 தாளில் மூன்று இடத்தில் விழும். இடைவெளி வேறாக இருந்தால் வேறு உருளை. உங்கள் மாடலுக்கு எந்த உருளை எத்தனை சுற்றளவு என்று மெக்கானிக்கிடம் கேளுங்க, அளவு ஒத்துவந்த பிறகு டிரம்மை மாற்றச் சொல்லுங்க. கழற்றினால் வெயிலில் வைக்காதீங்க, வெளிச்சம் பட்டால் டிரம் கெடும். கையில் தூள் ஒட்டினால் பச்சைத் தண்ணீரில் கழுவுங்க. வெந்நீர் பட்டால் தூள் இளகி ஒட்டிக்கொள்ளும்.