ஸ்டோன்ஹெஞ்ச் யாருக்கு?

அன்புள்ள ஐயா,

மகள் வீட்டுக்கு இங்கிலாந்து போனபோது ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழங்காலக் கல்வட்டத்தைப் பார்த்தேன். கயிற்றுக்கு இப்பால் நின்றுதான் பார்க்க முடிந்தது. ட்ரூயிட், அதாவது பழங்காலப் பூசாரிகளின் வழிவந்தவர்கள், என்று சொல்லிக்கொள்ளும் கூட்டத்தாரிடம் மட்டும் நிர்வாகம் கலந்து பேசுகிறதாம். நேற்று முளைத்தவர்களுக்கு அந்தக் கற்களில் என்ன உரிமை?
– வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

நேற்று முளைத்தவர்கள் என்பது சரிதான். அந்தப் பெருங்கற்களை நிறுத்தியது ஏறத்தாழ கி.மு. 2500-ல். ட்ரூயிட் பூசாரிகளைப் பற்றிய எழுத்துச் சான்றுகள் அதற்கு 2000 ஆண்டுகளுக்குப் பிந்தியவை. இரண்டையும் முடிச்சுப் போட்டவர்கள் ஜான் ஆப்ரே, வில்லியம் ஸ்டக்லி போன்ற 17, 18-ம் நூற்றாண்டு ஆர்வலர்கள். இன்றைய ட்ரூயிடுகள் அந்த ஊகத்தின் பேரப்பிள்ளைகள். பரம்பரை அறங்காவலர் மாதிரி பாத்தியதை கொண்டாட முடியாது.

ஆனால் வேறு யாருக்குத்தான் பாத்தியதை? 1915-ல் அந்த இடம் ஏலத்துக்கு வந்தது. சிசில் சப் என்பவர் 6,600 பவுண்டுக்கு எடுத்தார், 1918-ல் நாட்டுக்குக் கொடுத்தார். அரசின் உரிமை அந்த ஏலத்தில் தொடங்குகிறது, அவ்வளவே.

அதனால் நான் வம்சாவளி பார்ப்பதில்லை. கும்பிட வருகிறவர்களை விரட்டினால் என்ன ஆகிறது என்று பார்க்கிறேன். 1985 ஜூன் 1 அன்று அங்கே விழா கொண்டாடக் கிளம்பிய வண்டிகளைப் போலீஸ் வழிமறித்தது. கண்ணாடிகளை உடைத்து, 500 பேருக்கு மேல் கைது செய்தார்கள். அதன்பின் பல ஆண்டுகள் ஜூன் மாத விழா நாட்களில் தடையும் மறியலும்தான். 2000 முதல், வருடத்தின் நீண்ட பகலை வரவேற்கும் இரவில் கயிறு அவிழ்கிறது. ட்ரூயிடுகள், போலீஸ், நிர்வாகம் எல்லோரும் உட்கார்ந்து பேசித்தான் கல்மேல் ஏறாமல் கொண்டாட வழி கண்டார்கள். பல்லாயிரம் பேர் வருகிறார்கள்.

பேச இடம் கொடுத்தால் கேட்டதையெல்லாம் கொடுக்க வேண்டும் என்றில்லை. பக்கத்து ஏவ்பரி அருங்காட்சியகத்திலுள்ள ஒரு குழந்தையின் எலும்புக்கூட்டை மறுபடி புதைக்கச் சொன்னார்கள் ட்ரூயிடுகள். பொதுமக்களிடம் கருத்துக் கேட்டு, 2010-ல் காரணம் சொல்லி மறுத்தார்கள் நிர்வாகத்தார். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. அந்தக் குழந்தையை அடக்கம் செய்தவர்கள் என்ன சொல்லி அழுதார்கள் என்பது இன்று எந்த ட்ரூயிடுக்கும் தெரியாது.

அடுத்த முறை மகள் வீட்டுக்கு ஜூன் மாதம் போங்கள். 20-ம் தேதி வாக்கில் அந்த இரவு வரும். டிக்கெட் கிடையாது, ட்ரூயிடாகவும் இருக்க வேண்டாம். கோடைதானே என்று ஸ்வெட்டரை மட்டும் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.