சிஸ்கோ ரவுட்டர் பாஸ்வேர்ட் மறந்துபோனால்: கேள்வி பதில்

கேள்வி: சார், எங்கள் கல்லூரி லேப் ரவுட்டரின் எனேபிள் பாஸ்வேர்ட் (அமைப்பை மாற்ற அனுமதிக்கும் நிர்வாகப் பாஸ்வேர்ட்) தெரிந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். கான்ஃபிக் (ரவுட்டரின் அமைப்பு விவரங்கள்) அழியாமல் உள்ளே போக முடியுமா?

பதில்: முடியும். ஆனால் ரவுட்டர் இருக்கும் இடத்துக்கே போக வேண்டும். எஸ்எஸ்எச் வழியாக, அதாவது தூரத்திலிருந்து, நடக்காது. கன்சோல் கேபிளை மாட்டி, டெர்மினலை 9600 வேகத்தில் திறந்துகொள்ளுங்கள். பவரை அணைத்துப் போட்டு, 60 விநாடிக்குள் டெர்மினலிலிருந்து பிரேக் சிக்னல் அனுப்பினால் ராம்மான் (ரவுட்டர் முழுதாக எழும்பும் முன் வரும் அடிப்படைக் கட்டளைத் திரை) வரும். அங்கே கான்ஃபிக் ரெஜிஸ்டரை (ரவுட்டர் எப்படி எழும்ப வேண்டும் என்று சொல்லும் எண்) 0எக்ஸ்2142 ஆக்கி ரீசெட் கொடுங்கள். என்விராம் எனும் நிரந்தர நினைவகத்தில் இருக்கும் கான்ஃபிக்கைப் படிக்காமலே ரவுட்டர் எழும்பும். பாஸ்வேர்டும் அதில்தான் இருக்கிறது என்பதால் எதுவும் கேட்காது. செட்டப் கேள்விக்கு 'நோ' சொல்லிவிட்டு எனேபிளுக்குப் போய், ஸ்டார்ட்டப்பை (சேமித்து வைத்த கான்ஃபிக்) ரன்னிங்கிற்கு (இப்போது ஓடும் கான்ஃபிக்) காப்பி செய்யுங்கள்.

இங்கே நிதானம் தேவை. திசை மாறி ரன்னிங்கை ஸ்டார்ட்டப்பிற்குக் காப்பி செய்தால், வெற்றுக் கான்ஃபிக் பழையதன் மேல் ஏறிவிடும். பேக்கப் இல்லையென்றால் மீட்க வழியில்லை. பிறகு 'எனேபிள் சீக்ரெட்' கட்டளையால் புது எனேபிள் பாஸ்வேர்ட் வையுங்கள், ரெஜிஸ்டரை வழக்கமான 0எக்ஸ்2102 ஆக்குங்கள், சேமியுங்கள்.

கேள்வி: அண்ணா, இதெல்லாம் செய்தேன். பாஸ்வேர்ட் மாறிவிட்டது, நெட் மட்டும் வரவில்லை.

பதில்: இன்டர்ஃபேஸ்கள் (ரவுட்டரின் போர்ட்கள்) ஷட்டவுனில் இருக்கும் தம்பி. தேவையான ஒவ்வொன்றிலும் 'நோ ஷட்டவுன்' கொடுத்து மறுபடி சேமியுங்கள். 'ஷோ வெர்ஷன்' கடைசி வரியில் ரெஜிஸ்டரையும் பாருங்கள். 2142 என்றே நின்றால் அடுத்த முறை கரண்ட் போய் வரும்போது ரவுட்டர் வெறுமையாக எழும்பும்.

கேள்வி: பழைய பாஸ்வேர்டையே கண்டுபிடிக்க முடியாதா?

பதில்: கான்ஃபிக்கில் பாஸ்வேர்ட் எந்த வகையில் சேமிக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. டைப் 7 என்றால் நொடியில் பிரிக்கலாம், அது வெறும் மறைப்பு. எனேபிள் சீக்ரெட்டின் டைப் 5, 8, 9 எல்லாம் ஹாஷ், அதாவது ஒருவழி மாற்றம். அவற்றைத் திருப்ப முயல வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

கேள்வி: 2960 ஸ்விட்சுக்கும் இதே முறையா?

பதில்: இல்லை. முன்பக்க மோட் பட்டனை அழுத்திக்கொண்டே பவர் கொடுங்கள். ஃபிளாஷை இனிஷியலைஸ் செய்து, 'கான்ஃபிக்.டெக்ஸ்ட்' கோப்பின் பெயரை மாற்றி பூட் செய்யுங்கள். உள்ளே போனபின் பழைய பெயரையே வைத்து ரன்னிங்கில் ஏற்றுங்கள்.

கேள்வி: கேபிள் வைத்திருப்பவர் யாரும் இதைச் செய்யலாமே, இது ஓட்டை இல்லையா சார்?

பதில்: ஓட்டை இல்லை, உரிமையாளருக்காகத் தெரிந்தே விட்ட வழி. ஆனால் பெட்டியைத் தொட முடிந்தவர் எவருக்கும் அது திறக்கும். வரவேற்பறை மேசைக்கடியில் ரவுட்டர் கிடக்கும் அலுவலகங்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே பயம். முதலில் ரேக்கைப் பூட்டுங்கள், சாவி யாரிடம் என்று எழுதி வையுங்கள். பூட்ட முடியாத கிளை அலுவலகம் என்றால் 'நோ சர்வீஸ் பாஸ்வேர்ட்-ரெகவரி' போடலாம். அதன்பின் பிரேக் கொடுப்பவருக்குக் கான்ஃபிக் கிடைக்காது; அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க மட்டுமே முடியும். உங்களுக்கும் அதே கதிதான், ஆகவே வெளியே பேக்கப் எடுக்காமல் அந்தக் கட்டளையைத் தொடாதீர்கள்.