காலை எடுத்த பிறகும் வண்டி சீறினால்...

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: வேகம் நம் சொல்பேச்சு கேட்காமல் போவது. மைலேஜ், டயர், பேட்டரி கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இதில் பதில் நினைவுக்கு வர வேண்டிய நேரம் மொத்தமே நாலைந்து விநாடிதான், அப்போது யாரையும் கேட்க முடியாது.

சேலம் – கோவை சாலையில் 90-ல் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் லாரி தெரிந்ததும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன், வேகம் குறையவில்லை, இன்ஜின் சத்தம் இன்னும் கூடியது. பிரேக்கைத் திரும்பத் திரும்ப மிதித்தேன், மூன்றாவது மிதியில் பெடல் கல் மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் சென்டர் மீடியனில் உரசி அரளிச் செடிகளுக்குள் போய் நின்றது. பெட்ரோல் வண்டி, கிளட்ச் உள்ளது. ஒர்க்‌ஷாப்பில் ஒரு கோளாறும் இல்லை என்கிறார்கள். தப்பு என் மேலா, வண்டி மேலா?
– ஒரு வாசகி, ஈரோடு

நீங்கள் நல்லபடியாக இருக்கிறீர்கள், அதுவே போதும் அம்மா. யார் தப்பு என்பதை அப்புறம் பார்ப்போம். அந்த வாரம் வண்டியை வாட்டர் வாஷுக்கு விட்டீர்களா?

ஏன் கேட்கிறேன் என்றால், எனக்கே இது நடந்திருக்கிறது. வாஷ் செய்துவிட்டு, வண்டியோடு வந்த கால்மிதி மேட்டின் மேலேயே தடித்த ரப்பர் மேட்டையும் ஈரத்தோடு விரித்துக் கொடுத்திருந்தார்கள், தரையில் இருக்கும் கொக்கியில் இரண்டையும் மாட்டவில்லை. நாலு நாள் ஓட்டியதில் குதிகால் பட்டுப் பட்டு மேல் மேட் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. ஒரு பஸ்ஸை முந்துவதற்காக ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்தேன், பெடலின் கீழ் நுனி மேட்டின் விளிம்பில் போய் மாட்டிக்கொண்டது. காலை எடுத்தாலும் பெடல் அங்கேயே நிற்கிறது. கிளட்ச்சை மிதித்தேன், இன்ஜின் காது கிழியக் கத்தியது, கத்தட்டும் என்று ஓரங்கட்டி நிறுத்திக் குனிந்து மேட்டை இழுத்தபோது ‘டப்’ என்று பெடல் மேலே வந்தது. அதன் பிறகு எந்த மெக்கானிக் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது, மேட் நகர்ந்த கணமே தடயமும் போய்விடுகிறது. உங்கள் வண்டியிலும் மோதிய வேகத்தில் மேட் விலகியிருக்கலாம். ஆக்சிலரேட்டர் பெடலின் ஸ்பிரிங், அதன் அச்சு, பழைய வண்டியாக இருந்தால் கேபிள், இன்ஜினுக்குள் காற்றை விடும் த்ராட்டில் பாடியில் படிந்த கரி ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள், ஆனால் நான் முதலில் மேட்டைத்தான் சந்தேகப்படுவேன்.

இது உலகத்தையே உலுக்கிய விபத்தின் காரணமும்கூட. 2009 ஆகஸ்ட் 28 அன்று அமெரிக்காவில் சான் டியாகோ பக்கத்தில் டொயோட்டா நிறுவனத்தின் ஒரு லெக்சஸ் இஎஸ் 350 கார் மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல் வேகமெடுத்து, நிறுத்த முடியாமல் மோதி, நான்கு பேர் இறந்தார்கள். ஓட்டியவர் பழக்கமில்லாதவர் அல்ல, நெடுஞ்சாலைக் காவல் படையில் பணியாற்றியவர். தன் காரை சர்வீஸுக்கு விட்டிருந்ததால் டீலர் கொடுத்த இரவல் கார் அது. அதில் வேறு மாடலுக்கான ரப்பர் மேட் போடப்பட்டிருந்தது, கொக்கியில் மாட்டவும் இல்லை. அந்தக் காரில் சாவி கிடையாது, ஸ்டார்ட் பட்டன்தான், ஓடும்போது அணைக்க வேண்டுமென்றால் அதை மூன்று விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். இரவல் காரில் அதை யார் அவரிடம் சொல்லியிருப்பார்கள்? இதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

அதன் பிறகு டொயோட்டா லட்சக்கணக்கான கார்களை மேட்டுக்காகவும், தேய்ந்து ஒட்டிக்கொள்ளும் பெடலுக்காகவும் திரும்பப் பெற்றது. மின்னணுக் கோளாறா என்று நாசா பொறியாளர்களை வைத்துத் தேடி 2011-ல் அப்படி எதுவும் கிடைக்கவில்லை என்று அமெரிக்க அரசு அறிவித்தது. 2013-ல் ஒக்லஹோமா ஜூரி ஒன்று வேறொரு விபத்தில் நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது, அந்த வழக்கில் மென்பொருள்தான் முக்கிய வாதம். பாதுகாப்புக் குறைகளைப் பற்றி மக்களைத் தவறாக நம்பவைத்ததற்காக 2014-ல் 120 கோடி டாலர் கட்ட நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஆகவே, எல்லாம் ஓட்டுநர் தப்பு என்று யாராவது சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம்.

சரி, பெடல் ஏன் கல்லானது? பெட்ரோல் இன்ஜினில் பிரேக்குக்கு உதவும் பூஸ்டர், இன்ஜின் உறிஞ்சும் காற்றின் வெற்றிடத்தை வைத்து வேலை செய்கிறது. ஆக்சிலரேட்டர் முழுசாகத் திறந்தே இருந்தால் அந்த வெற்றிடம் உருவாகாது, சேமிப்பில் இருப்பது இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். நீங்கள் விட்டு விட்டு மிதித்ததில் அது தீர்ந்துவிட்டது. அதனால் இந்த மாதிரி நேரத்தில் பிரேக்கை ஒரே மிதி, இரண்டு காலாலும் வேண்டுமானால், முழு பலத்தோடு மிதித்தபடியே இருக்க வேண்டும், விடவே கூடாது.

அதற்கும் முன்னால் கிளட்ச். கிளட்ச்சை அழுத்திவிட்டால் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இல்லை, அது எவ்வளவு வேண்டுமானாலும் கத்தட்டும். ஆட்டோமேட்டிக் வண்டியில் லீவரை ‘என்’ என்ற நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். இன்ஜின் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம், ஒரு அளவுக்கு மேல் சுற்றாமல் தடுக்க ஏற்பாடு உண்டு, போனாலும் இன்ஜின்தானே போகிறது. வண்டி நின்ற பிறகு அணையுங்கள். ஓடும்போது அணைத்தே தீர வேண்டும் என்றால் சாவியை ஒரு கட்டம் மட்டும் திருப்புங்கள், முழுசாகத் திருப்பி உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

தப்பு யார் மேல் என்று கேட்டீர்கள். உங்கள் மேல் இல்லை. டிரைவிங் ஸ்கூலில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை.

என் அப்பாவுக்கு 68 வயது. நாற்பது வருஷம் கிளட்ச் வண்டிதான் ஓட்டினார். போன மாதம் ஆட்டோமேட்டிக் வாங்கினோம். வீட்டு வாசலில் நிறுத்தும்போது பாய்ந்து போய்ச் சுவரில் இடித்துவிட்டது. ‘பிரேக்கைத்தான் மிதித்தேன், மிதிக்க மிதிக்க வேகம் கூடியது’ என்று அழாத குறையாகச் சொல்கிறார். வண்டியில் கோளாறா?
– ஒரு வாசகர், திருப்பூர்

அவர் பொய் சொல்லவில்லை, அதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். ஆனால் ‘மிதிக்க மிதிக்க வேகம் கூடியது’ என்ற அந்த வார்த்தையே பதிலைச் சொல்லிவிடுகிறது: கால் பெரும்பாலும் ஆக்சிலரேட்டரில் இருந்திருக்கும். மூளை பிரேக் என்று கட்டளையிட்டுவிட்டது, கால் நாலு அங்குலம் தள்ளி இறங்கிவிட்டது, வண்டி பாய்ந்ததும் பயத்தில் இன்னும் அழுத்துகிறோம். 1980-களில் அமெரிக்காவில் ஆடி 5000 கார்கள் தானாகப் பாய்கின்றன என்று பெரிய புகார் கிளம்பி விற்பனையே படுத்துவிட்டது, 1989-ல் அரசின் விசாரணை முடிந்தபோது பெரும்பாலானவற்றுக்குக் காரணம் பெடல் மாறியதுதான் என்று வந்தது. பிரேக்கை மிதித்தால் மட்டும் ‘பி’ என்ற பார்க்கிங்கிலிருந்து கியர் நகரும் பூட்டு அந்தக் காலத்தில் பரவியதுதான். 2019-ல் டோக்கியோ இகெபுகுரோவில் 87 வயதுக்காரர் ஓட்டிய கார் ஒரு தாயையும் அவருடைய மூன்று வயது மகளையும் கொன்றது. வண்டிக் கோளாறு என்றுதான் அவரும் சொன்னார், நீதிமன்றம் பெடல் மாறியது என்று முடிவு செய்தது.

அப்பாவைத் திட்டாதீர்கள், சாவியைப் பிடுங்கவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் காலி மைதானத்துக்குக் கூட்டிப் போங்கள். வலது குதிகாலை பிரேக்குக்கு நேராகத் தரையில் ஊன்றி, அங்கிருந்து பாதத்தை மட்டும் ஆக்சிலரேட்டர் பக்கம் சாய்க்கப் பழக்குங்கள். இடது காலுக்கு வேலையே கிடையாது, ஓரமாக மடக்கி வைக்கட்டும். நிறுத்தும்போது ஆக்சிலரேட்டரே தேவையில்லை, பிரேக்கை லேசாக விட்டாலே வண்டி ஊர்ந்து போகும். வீட்டில் வழவழப்பான ரப்பர் செருப்போடு வண்டி எடுக்கும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

க்ரூஸ் கண்ட்ரோல் நிற்காமல் போய்விடுமா?
– ஒரு வாசகர், சென்னை

ஆக்சிலரேட்டரை மிதிக்காமலே வண்டியை ஒரே வேகத்தில் ஓடவைக்கும் வசதிதான் க்ரூஸ் கண்ட்ரோல். அது நிற்காமல் போவது அபூர்வம், ஆனால் நடக்கக்கூடியது. 2018-ல் ஃபியட் கிரைஸ்லர் நிறுவனம் அமெரிக்காவில் 48 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது இதே காரணத்துக்குத்தான்: மின்சுற்றில் கோளாறு வந்தால் க்ரூஸை ரத்து செய்ய முடியாமல் போகலாம் என்று. அவர்கள் சொன்ன வழியும் இதேதான், பிரேக்கை அழுத்திப் பிடி, நியூட்ரலுக்குத் தள்ளு. இன்னொன்று, மழையில் க்ரூஸ் போடாதீர்கள். தேங்கிய தண்ணீரில் டயர் மிதக்கும்போது உங்கள் கால் தன்னால் விலகும், க்ரூஸ் விலகாது.

வேன் ஓட்டுகிறேன். கொல்லிமலையிலிருந்து இறங்கும்போது கருகிய வாசனை வந்தது, அடுத்த வளைவில் பிரேக் பெடல் தரையோடு போய்விட்டது. நீங்கள் முன்பு சொன்ன மாதிரி நியூட்ரல் போட்டிருக்க வேண்டுமா?
– ஒரு வாசகர், நாமக்கல்

வேண்டவே வேண்டாம் தம்பி! இதைக் கேட்டதற்கு உங்களுக்கு நன்றி, ஏனென்றால் இங்கேதான் பலர் குழம்பிப் போகிறார்கள். ஆக்சிலரேட்டர் மாட்டிக்கொண்டால் வண்டியைத் தள்ளுவது இன்ஜின், அதனால் இன்ஜினைப் பிரிக்கிறோம். மலை இறக்கத்தில் தள்ளுவது மலை. அங்கே உங்களைப் பிடித்து வைத்திருப்பதே இன்ஜின்தான், நியூட்ரல் போட்டால் அந்தப் பிடியும் போய்விடும். பெடலை மிதிப்பதும் அப்படித்தான் தலைகீழ்: ஆக்சிலரேட்டர் மாட்டினால் ஒரே மிதி, பிரேக் தரையோடு போனால் விட்டு விட்டு வேகமாக மிதிக்க வேண்டும், கொஞ்சமாவது அழுத்தம் திரும்பி வரும்.

உங்களுக்கு நடந்தது என்னவென்றால், 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு வந்ததில் சூடு ஏறி பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகிவிட்டது. ஆயிலை அழுத்தினால் சக்கரத்துக்கு பலம் போகும், ஆவியை அழுத்தினால் அது சுருங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி தாங்க வேண்டும், காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. உங்கள் வேனில் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள், மலைக்கு அடிக்கடி போகிற வண்டி என்றால் அதற்கும் முன்பே.

ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று பழைய டிரைவர்கள் சொல்வார்கள், அதை விடாதீர்கள். வாசனை வந்த உடனே அகலமான இடம் பார்த்து நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டு அரை மணி நேரமாவது ஆற விடுங்கள், தண்ணீர் ஊற்ற வேண்டாம், சூட்டில் இரும்பு விரிசல் விடும். நிறுத்தவே முடியாத நிலை வந்தால் கியரை ஒவ்வொன்றாக இறக்கி, ஹேண்ட் பிரேக்கைப் பட்டனை அழுத்தியபடியே கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, அப்படியும் நிற்காவிட்டால் மலைப் பக்கச் சுவரில் உரசுங்கள். வண்டி நசுங்கும், பயணிகள் பிழைப்பார்கள்.

ஸ்கூட்டரில் ஆக்சிலரேட்டர் திரும்பி வராமல் இறுக்கிக்கொள்கிறது. மழைக்கு அப்புறம்தான் அதிகம்.
– ஒரு மாணவி, மதுரை

கேபிளில் துரு, அல்லது கைப்பிடிக்கு மேல் போட்ட கூடுதல் கவர் உரசுகிறது. கவரைக் கழற்றிப் பாருங்கள், சரியாகாவிட்டால் கேபிளை எண்ணெய் விட்டு ஒப்பேற்றாமல் மாற்றிவிடுங்கள். ஸ்கூட்டரில் கையால் பிடிக்கும் கிளட்ச் இல்லை, அதனால் உங்களுக்கு ஒரே வழி இன்ஜினை அணைப்பதுதான். கில் ஸ்விட்ச் இருந்தால் அது எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பழகுங்கள். கேபிள் மாற்றும்வரை அந்த வண்டியில் கல்லூரிக்குப் போக வேண்டாம் அம்மா, பஸ்ஸில் போங்கள்.

80-ஐத் தாண்டினால் கார் ‘பீப்’ அடிக்கிறது. கடையில் துண்டித்துத் தருகிறேன் என்கிறார்கள், செய்யலாமா?
– ஒரு வாசகர், திருச்சி

செய்யாதீர்கள். 2019 ஜூலை முதல் தயாரான எல்லாக் கார்களிலும் அது கட்டாயம், 80-ல் விட்டு விட்டு அடிக்கும், 120-ஐத் தாண்டினால் விடாமல் அடிக்கும். அந்தச் சத்தம் வண்டியின் வேகத்தைக் குறைக்காது, சொல்ல மட்டும்தான் செய்யும், அதையும் வாயடைத்துவிட்டால் எப்படி?

வண்டி தானாக வேகமெடுத்ததாகப் புகார் செய்தால் சர்வீஸ் சென்டரில் கணினியில் பார்த்துவிட்டு ‘எரர் எதுவும் இல்லை’ என்று அனுப்பிவிடுகிறார்கள். யாரிடம் போவது?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

கணினி சென்சாரைத்தான் பார்க்கும், மேட்டையோ ஒட்டிக்கொள்ளும் பெடலையோ பார்க்காது. அதனால் வாய்ப்பேச்சோடு விடாதீர்கள், ஜாப் கார்டில் என்ன நடந்தது, எத்தனை கிலோமீட்டர் வேகம், எந்த கியர் என்று எழுதவைத்து நகல் வாங்குங்கள். குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறும்படி நிறுவனத்துக்கு உத்தரவிட 2021 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசுக்கு விதி இருக்கிறது, உரிமையாளர்கள் அரசின் ‘வாகன்’ என்ற வாகனப் பதிவு இணையதளத்தில் நேரடியாகப் புகார் பதியலாம். ஒரே மாடலைப் பற்றிப் பல பேர் பதிந்தால்தான் விசாரணை நகரும், ஆகவே நம் ஒருத்தர் புகாரால் என்ன ஆகப்போகிறது என்று இருந்துவிடாதீர்கள்.

ஈரோடு வாசகிக்கும் இது சேரும். நீங்கள் பதியும்போது பெடல், மேட் இரண்டையும் இப்போது இருக்கிற நிலையிலேயே போட்டோ எடுத்துச் சேருங்கள், அந்த மேட்டையும் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.