வெயில் அடிக்கும்போது மீன் ஏன் வரவில்லை?

கேள்வி: சிறிய உணவகம் நடத்துகிறேன். இரண்டு நாளாக வானம் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் மீன் தருபவர் "கடல் சரியில்லை, வரத்து இல்லை" என்கிறார். இதை நம்பலாமா? வார இறுதிக்கு மீன் கிடைக்குமா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா?

பதில்: நம்பலாம். படகை நிறுத்துவது காற்றும் அலையும்தான். மழையில் நனைந்துகொண்டே வலை இழுப்பார்கள். காற்று மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டினால் சிறு படகுகள் பெரும்பாலும் கரையிலேயே நிற்கும். அதிலும் அலை உள்ளூர்க் காற்றால்தான் எழ வேண்டும் என்பதில்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் அடித்த புயல் கிளப்பிய அலை, சில நாள் கழித்து வெயிலடிக்கும் கரையில் வந்து மோதும். அன்றைக்குத் துறைமுக வாயிலைத் தாண்டுவதே சிறு படகுக்கு ஆபத்து.

அதனால் உங்கள் ஊர் வானிலையை விட்டுவிட்டு, மீன் வந்து இறங்கும் துறைமுகத்தின் கடல் முன்னறிவிப்பைப் பாருங்கள். காற்றின் வேகம், அலையின் உயரம், ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் இடையே எத்தனை நொடி. இந்த மூன்றும் போதும். சனிக்கிழமை மெனுவைத் தீர்மானிப்பது வியாழன், வெள்ளிக் கடல். தினமும் போய்வரும் படகென்றால் தட்டுப்பாடு உடனே தெரியும். பல நாள் கடலில் தங்கிப் பிடிக்கும் பெரிய படகென்றால் அடுத்த வாரம்தான் தெரியும். காற்று அடங்கிய அன்றே எல்லாம் சரியாகிவிடாது. கலங்கிய நீரில் முக்குளிப்பவர்களுக்கு எதுவும் தெரியாது, நண்டு பிடிக்க வைத்த கூடுகளும் இழுபட்டுப் போயிருக்கும்.

சிப்பி, மட்டி விஷயத்தில் மழையே எதிரி. அவை நீரை வடிகட்டி உண்பவை. கனமழை நிலத்துக் கழிவைக் கழிமுகத்தில் கொண்டுவந்து சேர்த்தால், கிருமியும் அவற்றின் சதையில் சேரும். அதனால்தான் பல நாடுகளில் கனமழைக்குப் பின் சிப்பி எடுக்கும் பகுதிகளை மூடிவிட்டு, சோதனையில் தேறிய பிறகே திறக்கிறார்கள். கோடையில் வேறு தொல்லை. நீர் சூடேறினால், நோய் உண்டாக்கும் விப்ரியோ என்ற பாக்டீரியா பெருகும். நச்சுப்பாசி பெருகினால் அதன் நஞ்சு சமைத்தாலும் போகாது. எங்கே, எந்தத் தேதியில் எடுத்தது என்ற சீட்டு இல்லாத மூட்டையை வாங்கவே வாங்காதீர்கள்.

கொந்தளிப்பு வாரத்தில் எனக்குப் பெரிய கவலை, "இன்றைக்கு வந்தது" என்று சொல்லித் தரப்படும் மீன். படகே போகாதபோது அது எப்படி வந்தது? செவுளைத் தூக்கிப் பாருங்கள். சிவப்பு மங்கிப் பழுப்பாகி, சளி கொழகொழவென்று படிந்திருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். சூரை, கானாங்கெளுத்தியில் இன்னும் கவனம் தேவை. ஐஸ் இல்லாமல் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் உருவாகும்; ஒவ்வாமை போன்ற உபாதை தரும் நச்சுப்பொருள் அது. கண்ணால் பார்த்தால் தெரியாது, சமையல் சூட்டிலும் அழியாது.

அப்புறம், மெனுவில் குறிப்பிட்ட மீனின் பெயரை அச்சடிக்க வேண்டாம். சமைக்கும் முறையை மட்டும் அச்சிட்டு, மீன் பெயரைப் பலகையில் எழுதுங்கள். கணவாயும் ஆக்டோபஸும் உறைநிலையை நன்றாகத் தாங்கும், ஆக்டோபஸ் இன்னும் மென்மையாகவே ஆகும். கடல் அமைதியாக இருக்கும்போதே கொஞ்சம் வாங்கி உறையவைத்துக்கொண்டால் மோசமான வாரத்தைச் சமாளிக்கலாம். உறையவைத்ததை உறையவைத்தது என்றே வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள். மீன் தருபவரிடமும் "இந்த மீன் வேண்டும்" என்று பிடிவாதம் பிடிக்காமல், "எது நன்றாக இருக்கிறது, எப்போது பிடித்தது?" என்று கேட்டுப் பழகுங்கள்.