வேகமாக வேலை செய்தால் ஏன் முறைக்கிறார்கள்?

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டப் பகுதியான பொகவந்தலாவையிலிருந்து கனடா வந்து கிடங்கு வேலைக்குப் போகும் தங்கச்சி கேட்டிருக்கிறார்: "சாப்பாட்டு நேரத்தில் பஞ்சாபிகள் ஒரு மேசை, பிலிப்பினோக்கள் ஒரு மேசை, யாழ்ப்பாணத்தார் ஒரு மேசை. நான் வேகமாகப் பெட்டி அடுக்கினால் மூன்று மேசையும் முறைக்கிறது. என்மேல் என்ன கோபம்?"

உங்கள்மேல் கோபமில்லை தங்கச்சி. யார் யாரை வேலைக்குச் சேர்த்துவிட்டார்கள், யார் யார் ஒரே காரில் வருகிறார்கள் என்று பாருங்கள். மேசைக் கணக்கு விளங்கிவிடும். நம் தோட்டங்களும் அப்படித்தான் நிரம்பின. ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணி தமிழ்நாட்டில் தன் ஊருக்குப் போய்ச் சொந்தக்காரரையும் சாதிக்காரரையும் திரட்டி வந்தார். வேலைக்கு இறங்கிய ஆளுக்கு இவ்வளவு என்று அவருக்குத் தலைக்காசு. கூட்டம் கலையாமல் இருந்தால் அவருக்கும் லாபம், தோட்டத்தை நடத்திய துரைக்கும் வசதி.

முறைப்பு வேறு சங்கதி. அம்மா கொழுந்தெடுத்த மலைக்குப் புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண் ஒருத்தி மிகக் கெட்டிக்காரி. ஒருநாள் தராசில் அவள் சாக்கு ஏறியதும் மூத்த அக்கா ஒருவர் காதோடு சொன்னார்: "இன்னைக்கு நீ இவ்வளவு போட்டா, நாளைக்கு எல்லார்கிட்டயும் இதைத்தான் கேப்பாங்க புள்ள." மேலதிகக் கிலோவுக்குக் காசு உண்டு என்பது அந்த அக்காவுக்கும் தெரியும். ஆனால் கேட்ட நிறை குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் கூலிதான் விழும். வயதானவர்களையும் கைக்குழந்தைக்காரிகளையும் நினைத்துத்தான் சொன்னார். அதே அக்கா, அரைப்பேர் விழவிருந்தவளின் சாக்கில் தன் கொழுந்தை இரண்டு கை அள்ளிப் போட்டதையும் பார்த்திருக்கிறேன்.

சிகாகோ அருகே ஹோதோர்ன் தொழிற்சாலையில் 1931, 32இல் 14 ஆண்களை ஓர் அறையில் வேலை செய்யவிட்டு ஆய்வாளர்கள் கவனித்தார்கள். முன்பக்கம் ஒரு கூட்டு, பின்பக்கம் ஒரு கூட்டு என்று பிரிந்துபோனார்கள். ஆனாலும் ஒரு நாளைக்கு இவ்வளவு வேலைதான் என்பதில் எல்லாரும் ஒரே பேச்சு. கூடச் செய்தால் கூடக் கூலி என்றிருந்தும், மிஞ்சியவனுக்குத் தோளில் குத்து, இழுத்தடித்தவனுக்கும் மதிப்பில்லை. கூலி வீதத்தைக் குறைத்துவிடுவார்கள், ஆளைக் குறைத்துவிடுவார்கள் என்ற பயம்.

ஆகவே கேட்ட அளவை முடியுங்கள், அதில் குறை வைக்காதீர்கள். மிச்ச நேரத்தில் பக்கத்திலிருப்பவருக்குக் கை கொடுங்கள். ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு எந்த மேசையிலும் உட்காரலாம்; தமிழ் மேசைதான் வேண்டும் என்றில்லை. அங்கே "எந்த ஊர்?" என்று கேட்பார்கள், பொகவந்தலாவை என்று நிமிர்ந்து சொல்லுங்கள். பெரும்பாலோர் அன்பாகவே பேசுவார்கள். யாராவது "தோட்டக்காட்டாரா?" என்று தோட்டத்து மக்களை இளக்காரம் செய்யும் சொல்லை இழுத்தால் அந்த இடத்தில் உங்களுக்கு வேலையில்லை, எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்று. கங்காணிக் கூட்டங்களைத் தாண்டித் தோட்ட மக்கள் ஒன்றுசேர வழி திறந்தது தொழிற்சங்கம்தான். 1931இல் தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யர் மலையக நகரமான அட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் தொடங்கியது அதற்காகத்தான். உங்கள் கிடங்கில் சங்கம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால், பிரதிநிதி எந்த மேசைக்காரராக இருந்தாலும் இந்த வாரமே போய்ப் பேசுங்கள்.