ஹெல்த் இன்சூரன்ஸ் இருந்தும் ஆஸ்பத்திரி பில்லில் பெரும்பகுதியைக் கையிலிருந்து கட்டச் சொல்கிறார்களே, எப்படிச் சமாளிப்பது?

பில் கைக்கு வந்தபிறகு போடும் சண்டையைவிட, அட்மிஷன் கவுண்டரில் 'எந்த ரூம் வேணும்?' என்று கேட்கும்போது சொல்லும் பதில்தான் முக்கியம். கையைக் கடிக்கும் பணத்தில் பெரும்பகுதி அங்கேயே முடிவாகிவிடுகிறது.

உங்கள் பாலிசியில் அறை வாடகைக்கு உச்சவரம்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பழைய பாலிசிகளிலும் கம்பெனி எடுத்துத்தரும் குரூப் பாலிசிகளிலும் 'நாளொன்றுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1%' என்பது சகஜம். 5 லட்சம் பாலிசி என்றால் நாளுக்கு 5,000 ரூபாய். 'அந்த ரூம் காலியில்லை சார், 8,000 ரூபாய் ரூம்தான் இருக்கு' என்பார்கள். நாலு நாளைக்கு 12,000 கூடுதல், போனால் போகிறது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

வெட்டு அதோடு நிற்காது. பெரிய அறையில் இருப்பவருக்கு அதே ஆபரேஷனுக்கும் பல ஆஸ்பத்திரிகள் அதிகக் கட்டணம் போடுகின்றன. அதனால் இன்சூரன்ஸ் கம்பெனி, எட்டுக்கு ஐந்து என்ற அதே விகிதத்தில் சர்ஜன் கட்டணம், மயக்க மருந்து, தியேட்டர், நர்சிங் எல்லாவற்றையும் குறைக்கும். இவை சேர்ந்து 1,20,000 என்றால் 75,000தான் கிடைக்கும். மீதி 45,000, அதோடு அறைக்கான 12,000. மொத்தம் 57,000 உங்கள் தலையில்.

இந்த விகித வெட்டுக்கு எல்லை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. மருந்துகள், உடலில் பொருத்தும் சாதனங்கள், ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் போன்றவற்றில் கை வைக்கக் கூடாது என்று 2020இல் இன்சூரன்ஸ் கட்டுப்பாட்டு ஆணையமான ஐஆர்டிஏஐ சொல்லிவிட்டது. ஐசியு கட்டணத்திலும் கூடாது. அறையைப் பொறுத்துக் கட்டணத்தை மாற்றாத ஆஸ்பத்திரியாக இருந்தால் இந்த வெட்டே பொருந்தாது. எங்கள் சித்தப்பாவின் முழங்கால் ஆபரேஷன் செட்டில்மென்ட் லெட்டரில், செயற்கை மூட்டின் விலையையும் சேர்த்து வெட்டியிருந்தார்கள். இந்த விதி இருக்கும் பாலிசிப் பக்கத்தையும் மூட்டுக்கான பில்லையும் இணைத்து ஒரு மெயில் அனுப்பினேன். அந்தத் தொகை தனியாக வந்து சேர்ந்தது. போனில் கத்தியிருந்தால் வந்திருக்காது என்பது என் அபிப்பிராயம். ஆகவே கழித்தது எவ்வளவு என்று மட்டும் பார்க்காதீர்கள், எந்த வரியில் கழித்தார்கள் என்று பாருங்கள்.

உங்கள் பாலிசி வரம்புக்குள் வரும் அறை நிஜமாகவே காலியில்லை என்றால், கிடைத்தவுடன் மாற்றித்தரும்படி அட்மிஷன் அன்றே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது கையுறை, மாஸ்க், டயப்பர், கூட இருப்பவர் சாப்பாடு. பெரும்பாலான பாலிசிகள் பணம் தராதவற்றின் பட்டியலில் மட்டும் 68 இருக்கின்றன. இதற்கெல்லாம் சண்டை போட்டுப் பயனில்லை. ஆனால் பஞ்சு, காஸ் துணி, சர்ஜிகல் பிளேடு போன்றவை ஆபரேஷன் கட்டணத்துக்குள் அடங்க வேண்டியவை. அவற்றைத் தனியாகப் போட்டு உங்களிடம் வசூலித்தால் பில்லிங் செக்‌ஷனில் கேளுங்கள்.

டிஸ்சார்ஜ் நாள் தனிக் கூத்து. காலையில் டாக்டர் 'வீட்டுக்குப் போகலாம்' என்பார், சாயங்காலம் வரை 'அப்ரூவல் வரலை' என்பார்கள். ஐஆர்டிஏஐயின் மே 2024 சுற்றறிக்கைப்படி, கேஷ்லெஸ் (கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேரடியாகப் பணம் கட்டுவது) கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்திலும், ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் கோரிக்கை அனுப்பியதிலிருந்து மூன்று மணி நேரத்திலும் பதில் வர வேண்டும். மூன்று மணி நேரம் தாண்டியதால் ஆஸ்பத்திரி கூடுதலாக ஏதாவது வசூலித்தால் அது இன்சூரன்ஸ் கம்பெனியின் பொறுப்பு. சூட்சுமம் 'அனுப்பியதிலிருந்து' என்பதில் இருக்கிறது. மீதி மருந்துகளை வார்டிலிருந்து ஃபார்மஸிக்குத் திருப்பி, ரிட்டர்ன் என்ட்ரி போட்டு, பில்லை முடிப்பதற்கே பாதி நாள் போய்விடும். முந்தின ராத்திரியே நர்ஸிடம் ரிட்டர்ன் பற்றிக் கேளுங்கள். இன்சூரன்ஸ் டெஸ்க்கில் 'ஃபைனல் பில் எத்தனை மணிக்குப் போச்சு?' என்று கேட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கேள்வி வந்த பிறகு பில் வேகமாகப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

கேஷ்லெஸ் மறுத்தார்கள் என்றால் க்ளெய்மே போய்விட்டது என்று அர்த்தமில்லை. பணம் கட்டிவிட்டு ரீஇம்பர்ஸ்மென்ட் கேட்கலாம். டிஸ்சார்ஜ் சம்மரி, வரிவாரியான பில், ரசீதுகள், ரிப்போர்ட்டுகள், டாக்டர் சீட்டு எல்லாவற்றின் ஒரிஜினலும் வேண்டும். கொடுக்கும் முன் ஒரு செட் ஸ்கேன் செய்து வையுங்கள். அட்மிஷனுக்கு முந்தைய பரிசோதனைகளுக்கும், பிந்தைய மருந்துகளுக்கும் குறிப்பிட்ட நாட்கள்வரை பணம் உண்டு. இதை மறந்து விடுபவர்கள்தான் அதிகம்.

க்ளெய்மை அநியாயமாக மறுத்தால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்திலோ 155255 எண்ணிலோ புகாரைப் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் திருப்தியில்லை என்றால் இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மன் எனும் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சென்னை அலுவலகம். 50 லட்சம் வரை விசாரிப்பார்கள். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. கம்பெனி மறுத்த ஓராண்டுக்குள் போய்விட வேண்டும்.